ஓர் ஆசானுக்கு எத்தனை கம்பு?

மாலை ஐந்து மணிக்கு மேல் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் உட்கிராமங்கள் வழியாக நடந்து போகிறவர்களுக்கு, சில தோப்புகளிலிருந்து 'டக் டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கம்போடு கம்பு மோதும் சத்தம் அது. நடுநடுவே ஒரு முதிர்ந்த குரல், "கையை விடு, காலைப் பாரு!" என்று அதட்டும். அந்தக் குரலுக்கு உரியவர் ஆசான். அங்கே பிள்ளைகள் "அடி படிக்கிறார்கள்".

கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தச் சத்தம் இன்று தோப்புகளில் மட்டும் கேட்கவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் கேட்கிறது. கோயில் முற்றத்திலும் மாதா கோயில் வளாகத்திலும் கேட்கிறது. நாகர்கோவில் நகரத்து மாடிக் கூடங்களிலும் கேட்கிறது. பத்துப் பிள்ளைகள் மட்டும் படிக்கும் களரி உண்டு. ஒரே நிறச் சீருடையுடன் நூறு பிள்ளைகள் வரிசை கட்டி நிற்கும் பயிற்சிப் பள்ளியும் உண்டு. சிலம்பம், அடிமுறை, களரி என்று பலகைகள் பலவிதம்.

பிள்ளையைச் சேர்க்க வரும் தாய் தந்தையர் என்ன கேட்கிறார்கள்? மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். அலமாரியில் அடுக்கியிருக்கும் கோப்பைகளை எண்ணிப் பார்க்கிறார்கள். சர்ட்டிபிகேட் உண்டா என்று விசாரிக்கிறார்கள். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்பவர் மிகச் சிலரே.

ஓர் ஆசானின் கண் முன்னால், ஒரே நேரத்தில், எத்தனை கம்பு சுழல்கிறது? அதுதான் அந்தக் கேள்வி.

தெற்கத்தி முறை

இந்த மாவட்டம் 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி வரை திருவிதாங்கூர்ச் சீமையோடு இருந்தது. ஆகையால் களரி என்ற சொல் இங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல. ஆனாலும் மலையாளத்தின் வடபகுதியில் உள்ள களரிக்கும் இங்குள்ள களரிக்கும் வித்தியாசம் உண்டு. அங்கே தரையைத் தோண்டிக் குழியாக்கி, 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்ட கூடம் அமைப்பார்கள். 'நாற்பத்தீரடி' என்றே அதற்குப் பெயர். தென்பகுதியில் அத்தனை ஏற்பாடு கிடையாது. தென்னந்தோப்பு, வீட்டு முற்றம், அறுவடை முடிந்த வயல் - எங்கே தரை சமமாக இருக்கிறதோ அங்கே களரி.

பாடமும் வேறு. வடக்கே உடம்பை வளைத்து ஒடுக்கும் பயிற்சி முன்னால் வரும். தெற்கே எடுத்த எடுப்பில் சுவடு, அதாவது கால் வைக்கும் முறை. பிறகு அடியும் தடையும். அதன் பிறகு பிடியும் பூட்டும். கை வெறுங்கையாகப் பழகிய பிறகே குறுவடி, நெடுவடி, கத்தி என்று ஆயுதங்கள் கைக்கு வரும். கடைசியாக, எல்லாருக்கும் அல்லாமல், ஆசான் தேர்ந்தெடுத்த ஒருவர் இருவருக்கு மட்டும் வர்மம் சொல்லித் தரப்படும்.

வர்மம் 108 என்பது வழக்கு. அவற்றில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. வர்மத்தில் அடிபட்டவனை மீட்கும் வழிக்கு இளக்குமுறை என்று பெயர். அடிக்கும் இடத்தைச் சொல்லித் தருகிறவர் இளக்கும் வழியையும் சொல்லித் தந்தாக வேண்டும் என்பது ஆசான்மார்களின் கட்டுப்பாடு. இதனால்தான் இந்தப் பக்கத்து ஆசான்களில் பலர் வைத்தியராகவும் இருக்கிறார்கள். காலையில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்ட அதே கை, மாலையில் கம்பு பிடிக்கிறது.

சிலம்பம் இதற்கு நெருங்கிய உறவு. அதிலும் காலடியே முதல் பாடம். 'வீடு கட்டுதல்' என்று அந்தக் காலடி அமைப்புக்குப் பெயர். வீடு கட்டத் தெரியாதவன் கம்பு சுற்றினால் அது வெறும் காற்றாடி.

2020-ஆம் ஆண்டு பொங்கலுக்கு வெளியான 'பட்டாஸ்' திரைப்படம் அடிமுறை என்ற சொல்லைத் தமிழ்நாடெங்கும் கொண்டு சென்றது. குமரி மாவட்டத்துக்கு வெளியே, அதற்கு முன் அந்தச் சொல்லைக் கேட்டிராதவர்கள்தாம் அதிகம். படம் பார்த்த பிள்ளைகள் தாவிக் குதிக்க ஆசைப்பட்டு வருகிறார்கள். ஆசானோ கால் எடுத்து வைக்கவே மாதக்கணக்கில் பழக்குகிறார். பாதிப் பேர் அதோடு நின்றுவிடுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

சிறிய களரி

ஆசான் வீட்டுக் களரியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். எட்டு வயதுச் சிறுமியும் இருப்பாள். கல்லூரிக்குப் போகும் வாலிபனும் இருப்பான். சேரும் நாளில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன் மேல் காணிக்கை வைத்து ஆசானை வணங்குவது பழைய வழக்கம். அப்புறம் மாதம் பிறந்தால் இயன்றதைக் கொடுப்பார்கள். கொடுக்க முடியாதவர் பிள்ளையை ஆசான் திருப்பி அனுப்புவதும் இல்லை.

இங்கே பாடம் பிள்ளைக்குப் பிள்ளை வேறாக இருக்கும். இடது காலில் பலம் குறைந்தவனுக்கு ஒரு சுவடு. அவசரக்காரனுக்கு வேறொரு சுவடு. ஒருவன் அடுத்த பாடத்துக்குத் தயாரா இல்லையா என்பதை ஆசான் அவன் நிற்கும் நிலையைப் பார்த்தே சொல்லிவிடுவார். பரீட்சை என்று தனியாக ஒன்று தேவையில்லை.

ஆனால் சிறிய களரி என்றால் குறையே இல்லை என்று நினைக்க வேண்டாம். குமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். தோப்புக் களரியில் மழை நாளெல்லாம் விடுமுறை. ஆசானுக்குக் காய்ச்சல் என்றால் களரிக்கும் காய்ச்சல். போட்டிக்குப் பழக வேண்டிய பிள்ளைக்குத் தன் உயரமும் எடையும் உள்ள எதிராளி கிடைப்பதில்லை. பெண் பிள்ளை ஒருத்தி மட்டும் என்றால், வயது வந்ததும் வீட்டார் நிறுத்திவிடுகிறார்கள். ஆசானின் கோபத்தையும் பாடத்தில் ஒரு பகுதி என்று சில களரிகளில் நியாயம் சொல்வார்கள். அது பழைய காலத்தோடு போயிருக்க வேண்டிய பகுதி.

பெரிய பள்ளி

பெரிய பயிற்சிப் பள்ளியின் வசதிகளை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மழையானாலும் வெயிலானாலும் கூரையின் கீழ் வகுப்பு நடக்கிறது. வயதுவாரியாகப் பிரிவு உண்டு. பெண் பிள்ளைகள் கூட்டமாக வருவதால் கூச்சமில்லாமல் படிக்கிறார்கள். சில இடங்களில் பெண்களே பயிற்சி கொடுக்கிறார்கள். சிலம்பப் போட்டியில் தொடுமுறை என்று ஒரு பிரிவு இருக்கிறது. எதிராளியின் உடம்பைக் கம்பு நுனியால் தொட்டால் புள்ளி. அதற்குச் சம எடையுள்ள பத்துப் பேரோடு மாறி மாறிப் பழகியவனுக்கும், ஒரே அண்ணனோடு பழகியவனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். குழுவாக நின்று ஆயுத வீச்சு நடத்தும் பிரிவுக்கு ஆள் எண்ணிக்கையே அடிப்படை. தலைக்கவசம், மார்புக்கவசம் வாங்கி வைக்கவும் நாலு காசு சேர வேண்டும்.

குறை எங்கே வருகிறது? பிள்ளைகள் பெருகும் வேகத்தில் ஆசான்கள் பெருகுவதில்லை. பலகையில் பெயர் இருக்கும் ஆசான் வாரத்தில் ஒரு நாள் வருவார். மற்ற நாட்களில், போன வருஷம் சேர்ந்த பையன் இந்த வருஷம் சேர்ந்த பையனுக்கு வாத்தியார். தன் காலே இன்னும் நிலைக்காதவன் மற்றவன் காலை எப்படித் திருத்துவான்?

இன்னொன்று, காட்சி மோகம். ஆண்டு விழாவில் பெற்றோர் கைதட்ட வேண்டும் என்பதற்காக, ஆறு மாதம் கூடப் படிக்காத பிள்ளையின் கையில் தீப்பந்தக் கம்பையோ சுருள்வாளையோ கொடுத்துவிடுகிற இடங்கள் உண்டு. சுருள்வாள் வளையும் தகடு. வீசுகிறவனையே திரும்பி வந்து வெட்டக்கூடியது. பழைய களரியில் அது கடைசி ஆயுதங்களில் ஒன்று. 'உலக சாதனை' என்று பெயர் வைத்து, மணிக்கணக்கில் நிறுத்தாமல் கம்பு சுற்ற வைக்கும் விழாக்களையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். தோள்பட்டை வலிப்பதைத் தவிர அதனால் பிள்ளை கற்பது ஒன்றுமில்லை.

இரண்டுக்கும் நடுவில், வாலிபர் சங்கமோ கோயில் கமிட்டியோ நடத்தும் வகுப்புகள் இருக்கின்றன. ஊரார் கண் முன்னால் நடப்பதால் அவை பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கின்றன. நடத்துகிறவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டால் நின்றுவிடும் என்பதுதான் அவற்றின் துயரம்.

ஒரு சின்னக் கணக்கு

பள்ளிப் பிள்ளை ஒருவன் நாலரை, ஐந்தடிக் கம்பைப் பிடிக்கிறான். கையின் நீளத்தையும் சேர்த்தால், அவன் நின்ற இடத்திலிருந்து சுற்றிலும் ஆறடி தூரம் கம்பு பாயும். குறுக்களவில் பன்னிரண்டு அடி வட்டம் ஒன்று அவனுக்கு மட்டும் வேண்டும். அந்த வட்டத்துக்குள் இன்னொரு தலை வரக்கூடாது.

இப்போது 42-க்கு 21 அடிக் கூடத்தில் எத்தனை பேர் ஒரே சமயத்தில் கம்பு சுற்றலாம்? மூன்று பேர். குறுக்கும் மறுக்குமாக நிறுத்தினால் நாலு பேர். அவ்வளவுதான்! பெரிய கூடம் என்று நினைத்தது எவ்வளவு சிறியது பாருங்கள்.

நாலு பக்கமும் 60 அடி உள்ள பள்ளிக்கூட முற்றத்தில் வரிசைக்கு ஐந்தாக 25 பேர் சுற்றலாம். அங்கே 60 பேரைச் சேர்த்தால், ஒரு மணி நேர வகுப்பில் ஒரு பிள்ளையின் பங்குக்கு 25 நிமிஷந்தான் கம்பு ஆடும். மீதி 35 நிமிஷம் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். அப்படி நிறுத்தாமல் 60 பேரையும் ஒன்றாகச் சுற்றவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கம்பு யார் கண்ணையும் பார்த்துச் சுழல்வதில்லை.

இடத்தின் கணக்கு இது. கண்ணின் கணக்கு இன்னும் கறாரானது. 60 பிள்ளைகளுக்கு ஓர் ஆசான் என்றால், ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிஷம். 12 பிள்ளைகளுக்கு ஓர் ஆசான் என்றால் ஐந்து நிமிஷம். பழகாத காலடி ஒன்றைப் பார்த்து, நிறுத்தி, திருத்தி, மறுபடி செய்யச் சொல்லிப் பார்க்க ஐந்து நிமிஷமாவது வேண்டாமா? ஒரு நிமிஷத்தில் ஆகிற காரியமா அது?

ஆனால் அந்த 60 பேர் படிக்கும் பள்ளியில் தேர்ந்த ஆசான்கள் ஐந்து பேர் இருந்தால்? கணக்கு நேராகிவிடுகிறது. ஒருவருக்குப் பன்னிரண்டு பேர். தோப்புக் களரியும் நகரத்துப் பள்ளியும் அங்கே சமம். ஆகவே குற்றம் பள்ளியின் பருமனில் இல்லை. பிள்ளைகளின் எண்ணிக்கையை மட்டும் வளர்த்து, ஆசான்களின் எண்ணிக்கையை வளர்க்காமல் விடுவதில் இருக்கிறது.

அமெரிக்காவில் என்ன செய்கிறார்கள்?

கிரிக்கெட் பந்தயத்தில் எல்லைக்கோட்டுக்கு வெளியே ஆடும் 'சியர்லீடர்' பெண்களை நம் நாட்டார் 2008-ஆம் ஆண்டு ஐ.பி.எல். பந்தயங்கள் தொடங்கியபோது பார்த்தார்கள். பலர் முகம் சுளித்தார்கள். அமெரிக்காவில் அதே பெயரில் நடக்கும் விஷயமே வேறு. 1898-இல் மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஜானி காம்ப்பெல் என்ற மாணவர், கால்பந்து ஆட்டத்தில் கூட்டத்தை ஒரே குரலில் கோஷமிட வைத்தது அதன் தொடக்கம். இன்று அது ஆட்டக்காரர்களுக்குக் கைதட்டும் வேலையாக மட்டும் இல்லை. தானே ஒரு பந்தயமாகிவிட்டது. இரண்டரை நிமிஷத்துக்குள் குழுவினர் கரணம் போட்டு, ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் கோபுரம் கட்டி, மேலே நிற்பவளை ஆகாயத்தில் எறிந்து ஏந்த வேண்டும். இந்த விளையாட்டின் உலகச் சங்கத்துக்கு சர்வதேச ஒலிம்பிக் குழு 2021-இல் முழு அங்கீகாரம் அளித்தது.

தாளத்துக்கு ஏற்பக் குழுவாக அடி வைப்பது குமரி மாவட்டத்துக்கு வேடிக்கையல்ல. குத்துவிளக்கைச் சுற்றி நின்று, ஆசான் பாட, கையில் கம்புகளோடு ஆடும் களியல் ஆட்டம் இந்த மண்ணுடையது. அது இருக்கட்டும்.

அங்கேயும் பயிற்சிக் கூடங்கள் பல அளவில் உள்ளன. சிற்றூரில் ஒரு கிடங்கை வாடகைக்கு எடுத்து இரண்டு குழு பழக்குகிறவர்களும் உண்டு. நூற்றுக்கணக்கில் பிள்ளைகளைச் சேர்த்துப் பல ஊர்களில் கிளை நடத்துகிறவர்களும் உண்டு. சிறிய கூடம் பெரிய கூடத்தோடு எப்படி மோதும்? ஒரு வழி கண்டார்கள். 125 பேருக்கு மேற்படாத கூடங்களைத் தனிப் பிரிவாக வைத்து, அவற்றுக்குத் தனிப் பந்தயமும் நடத்துகிறார்கள். சிறிய கூடம் சிறிய கூடத்தோடு மோதுகிறது. தோற்றாலும் ஆள் பலத்தால் தோற்றோம் என்ற மனக்குறை வராது.

இன்னொரு ஏற்பாடும் பார்க்கத் தக்கது. குழுக்களைப் படிப்படியாகத் தரம் பிரித்திருக்கிறார்கள். கீழ்ப்படியில் உள்ள குழு மேற்படிக்குரிய கரணத்தைப் போட்டுக் காட்டினால் பரிசு இல்லை, புள்ளி குறையும். பயிற்சி கொடுப்பவரும் எந்தப் படி வரை கற்பிக்கத் தகுதி பெற்றவர் என்று சான்று வாங்க வேண்டும். கோபுரத்தின் மேலே நிற்பவள் தவறி விழுந்தால் தாங்குவதற்கென்றே ஒருவர் பக்கத்தில் நிற்பார்.

இதையெல்லாம் பார்க்கும்போது தோப்புக் களரி ஆசான் சிரிக்கக்கூடும். சுவடு முடியாதவனுக்கு வடி இல்லை, வடி முடியாதவனுக்குக் கத்தி இல்லை என்று அவர் பாட்டன் காலத்திலிருந்தே சொல்லி வருவது இதுதானே! அவர் மனத்தில் வைத்திருந்த சட்டத்தை அவர்கள் காகிதத்தில் எழுதி எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். அதில்தான் வித்தியாசம்.

சர்ட்டிபிகேட் வந்த பிறகு

சில வருஷங்களாக நிலைமை மாறி வருகிறது. விளையாட்டு வீரர்களுக்குத் தமிழக அரசு வேலைகளில் உள்ள 3 சதவீத ஒதுக்கீட்டில், 2021-இல் சிலம்பமும் சேர்ந்தது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் சிலம்பத்துக்கு இடம் கிடைத்தது. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நகரங்களில் நடந்த 'கேலோ இந்தியா' இளைஞர் விளையாட்டில், களரிப்பயிற்று பதக்கப் போட்டியாகவும் சிலம்பம் காட்சிப் போட்டியாகவும் நடந்தன.

இவை நல்ல காரியங்கள். பனையேறியின் மகனும், கட்டுமரக்காரரின் மகளும் கம்பு பிடித்ததால் ஓர் உத்தியோகம் பெறலாம் என்ற நம்பிக்கை சாதாரண விஷயமல்ல. யாரும் இதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் இதன் நிழல் ஒன்று சிறிய களரிகளின் மேல் விழுகிறது. போட்டிக்கு அனுப்ப வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற சங்கத்தில் பதிவு வேண்டும். பதிவுக்கு மனு, கட்டணம், அலைச்சல். காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு, பகலில் வைத்தியம் பார்த்து, மாலையில் பிள்ளைகளைப் பழக்கும் ஒரு கிராமத்து ஆசானுக்கு இதெல்லாம் எட்டாத தூரம். "ஆசானே, உங்க கிட்ட சர்ட்டிபிகேட் கெடைக்குமா?" என்று ஒரு தகப்பனார் கேட்கிறார். ஆசான் பதில் சொல்வதில்லை. அடுத்த மாதம் அந்தப் பிள்ளை நகரத்துப் பள்ளியில் இருக்கிறான்.

ஒரு பிள்ளை இடம் மாறினால் உலகம் மூழ்கிவிடாது. ஐந்து பிள்ளைகள் மாறினால் களரி மூடிக்கொள்கிறது. களரி மூடினால் சுவடும் பூட்டும் மட்டுமல்ல, தேர்ந்த சீடன் ஒருவனுக்கென்று ஆசான் வைத்திருந்த இளக்குமுறையும் அவரோடு போகிறது. போட்டிச் சிலம்பத்தில் அதற்குப் பிரிவும் இல்லை, பதக்கமும் இல்லை. ஓலையில் எழுதியிருக்கிறதே என்று சமாதானம் சொல்லலாம். விரல் எங்கே, எவ்வளவு அழுத்தமாகப் பட வேண்டும் என்பதை ஓலை காட்டித் தருமா?

கேடயத்தின் கணக்கு

போட்டி நடத்துகிறவர்கள் தெரிந்தோ தெரியாமலோ இந்தச் சாய்வை அதிகமாக்குகிறார்கள். பெரும்பாலான போட்டிகளில், எல்லாப் பிரிவுகளிலும் சேர்த்து அதிகப் புள்ளி எடுத்த பள்ளிக்கு ஒட்டுமொத்த சாம்பியன் கேடயம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பள்ளி 80 பிள்ளைகளை அனுப்பி 24 பதக்கம் பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக் கிராமத்துக் களரி எட்டுப் பிள்ளைகளை அனுப்பி ஐந்து பதக்கம் பெறுகிறது. அங்கே பத்துப் பேருக்கு மூன்று பதக்கம்; இங்கே பத்துப் பேருக்கு ஆறுக்கு மேல். யார் நன்றாகப் பழக்கியவர்? ஆனால் கேடயம் போவது 80 பேரை அனுப்பியவருக்கு. மறுநாள் சுவரொட்டியும் அவருக்கே. அதைப் பார்த்து இன்னும் 20 பிள்ளைகள் அங்கே சேர்கிறார்கள். ஆசான்களின் எண்ணிக்கையோ பழையபடியே.

நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்துக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் சிறிய களரிக்கு வேண்டியது பண உதவியோ அனுதாபமோ அல்ல. கணக்கு நேராக இருந்தால் போதும். 20 பேருக்கு மேல் அனுப்பாத களரிகளுக்கென்று தனியாக ஒரு கேடயம் வைக்கலாம். அல்லது, பெற்ற புள்ளியை அனுப்பிய பிள்ளைகளின் தொகையால் வகுத்துப் பார்த்து இரண்டாவது பரிசு ஒன்று கொடுக்கலாம். இதற்குச் சட்டசபையில் மசோதா வர வேண்டியதில்லை. போட்டி நடத்தும் நாலு பேர் ஒரு மாலையில் உட்கார்ந்து முடிவு செய்துவிடலாம்.

சங்கங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஆசான் சங்கத்தைத் தேடி வரட்டும் என்று காத்திராமல், சங்கத்தார் களரியைத் தேடிப் போக வேண்டும். வருஷத்தில் ஒரு நாள் தாலுகாவுக்கு ஓர் ஊரில் கூடி, அங்கேயே பார்த்து, அங்கேயே பதிவு செய்து கொடுத்தால் கிராமத்து ஆசானின் பிள்ளைகளுக்கும் பத்திரம் கிடைக்கும். அவர்கள் அவரை விட்டுப் போக வேண்டிய அவசியமும் வராது. அதே சமயம், பதிவு கேட்கும் ஒவ்வொரு பள்ளியிலும், அது எவ்வளவு பெரிதானாலும், பிள்ளைகள் எத்தனை, நாள்தோறும் வந்து நிற்கும் ஆசான்கள் எத்தனை என்ற இரண்டு எண்களை எழுதி வாங்கிப் பலகையில் போட்டு வைக்கச் செய்ய வேண்டும்.

பெற்றோர் பார்க்க வேண்டியவை

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மாலை போய் ஓரமாக நின்று பார்ப்பதே நல்ல வழி. கம்புகளை எண்ணலாம், ஆசான்களை எண்ணலாம். ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். பிள்ளைகளை ஆசான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, "ஏய், மூணாவது வரிசை!" என்று கூப்பிடுகிறாரா என்று காது கொடுத்துக் கேட்கலாம். புதிதாகச் சேர்ந்தவன் கையில் சுருள்வாளோ தீக்கம்போ இருந்தால், அன்றே திரும்பி வந்துவிடலாம்.

அடிபட்டால் என்ன செய்வார்கள் என்றும் கேட்டுவிட வேண்டும். சுளுக்குக்கும் தசைப்பிடிப்புக்கும் ஆசானின் தடவுமுறை கைகண்டது என்று ஊரார் நம்புகிறார்கள், இருக்கட்டும். தலையில் கம்பு பட்டுப் பிள்ளை மயங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, கண்ணில் பட்டாலோ, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நல்ல ஆசான் இதைத் தானே சொல்வார். வண்டி ஏற்பாடு உண்டா, யாருக்கு முதலில் தகவல் போகும் என்று அவரிடமே கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

கோடை விடுமுறை வந்தால் வகுப்புகளுக்கு ஆள் சேர்க்கும் துண்டுப் பிரசுரங்கள் வீடு வீடாக வரும். மாவட்டப் போட்டிகளுக்கான அறிவிப்புகளும் வழக்கம் போல் அச்சாகும். அடுத்த அறிவிப்பில் ஒட்டுமொத்தக் கேடயத்துக்குக் கீழே, சிறிய களரிகளுக்கான கேடயம் என்று இன்னும் ஒரு வரி சேர்த்து அச்சிட வேண்டும். துண்டுப் பிரசுரங்களில் கோப்பைகளின் படத்துக்குப் பக்கத்தில், ஓர் ஆசானுக்கு எத்தனை பிள்ளைகள் என்ற எண்ணையும் போட வேண்டும்.